நண்டுக்கால் தசையில் புரோக்டோலின்: கூடுகிற இழுவிசை நரம்பு முனையிலிருந்தா, தசையிலிருந்தா?

தொட்டபெட்டா_நிழல் (உதகை)

வணக்கம். நன்னீர் நண்டின் முதல் நடைக்காலில், நுனிக்கணுவை விரிக்கும் திறப்புத் தசையில் ஆய்வு நடக்கிறது. அமைப்பு இதுதான்: கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், சிங்கி இறாலை ஒத்த உயிரி) சலைன் (அதன் இரத்தத்துக்கு ஈடான உப்புக் கரைசல்), மோட்டார் நரம்புக்கு உறிஞ்சு மின்முனை, 20 ஹெர்ட்ஸில் 1 நொடித் தூண்டல், 2 நிமிடத்துக்கு ஒருமுறை. இழுவிசை ஒரு டிரான்ஸ்டியூசரில் பதிவாகிறது. தசை நாருக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய கண்ணாடி மின்முனை, தடை சுமார் 20 மெகாஓம்.

10 நானோமோலார் புரோக்டோலின் (ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு) ஓடவிட்டால் இழுவிசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இ.பி.எஸ்.பி. (நரம்பு தூண்டும்போது தசை நாரில் எழும் மின்னழுத்த உயர்வு) உயரம் மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் நகர்வதில்லை. 200 மைக்ரோமோலார் காட்மியம் குளோரைடு (கால்சியம் நுழையும் சேனல்களை அடைப்பது) சேர்த்தவுடன் இ.பி.எஸ்.பி., இழுவிசை, பெப்டைடின் விளைவு எல்லாமே போய்விடுகின்றன. இதை வைத்து "புரோக்டோலின் நரம்பு முனையின் கால்சியம் சேனலைக் கூடுதலாகத் திறக்கிறது" என்று எழுதலாமா?

இன்னும் இரண்டு சிக்கல்கள். பெப்டைடு எதுவும் சேர்க்காமலே காலைப் பதிவுக்கும் பிற்பகல் பதிவுக்கும் இ.பி.எஸ்.பி. வேறுபடுகிறது, புது சலைன் கலக்கும் நாளிலும் அப்படித்தான். அடுத்து, கிரேஃபிஷில் நன்றாக வேலை செய்வதாகப் படித்த டி.எஃப்.2 பெப்டைடு இங்கே 100 நானோமோலாரிலும் ஒன்றும் செய்யவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

---

மின்முனை_மாமா (குன்னூர்)

அப்படி எழுத முடியாது. உங்கள் கையில் இருக்கும் தரவே மறுபக்கம் காட்டுகிறது.

நரம்பு முனையில் கால்சியம் கூடுதலாக நுழைந்தால் குளூட்டமேட் (தசையைக் கிளர்த்தும் நரம்புக் கடத்தி) கூடுதலாக வெளியாக வேண்டும், இ.பி.எஸ்.பி. கண்ணுக்குத் தெரியும் அளவு உயர வேண்டும். கால்சியத்துக்கும் வெளியீட்டுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. தவளைத் தசையில் டாட்ஜும் ரஹாமிமோஃபும் 1967இல் காட்டியது ஏறத்தாழ நான்காம் படி உறவு. அந்தக் கணக்கில் உள்ளே வரும் கால்சியம் 10 சதவீதம் கூடினாலே வெளியீடு 46 சதவீதம் கூடும். நண்டில் படி சற்றுக் குறைவாக இருந்தாலும் செங்குத்தான உறவுதான். இழுவிசை ஒன்றரை மடங்கு, இ.பி.எஸ்.பி. அசையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தசையை.

கிரேஃபிஷ் வயிற்றின் மெதுவான மடக்குத் தசையில் பிஷப்பும் குழுவினரும் 1987இல் கண்டது இதே காட்சி: மோட்டார் நரம்பே புரோக்டோலினை வெளியிடுகிறது, இழுவிசை கூடுகிறது, இ.பி.எஸ்.பி. மாறவில்லை. 1991இல் அதே தசையின் சவ்வில் தனிச் சேனல்களைப் பதிவு செய்து, பெப்டைடு தசையின் கால்சியம் சேனல் செயல்பாட்டைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். நண்டு, இறால் இனங்களின் தசை நாரில் பெரும்பாலும் சோடியத் துடிப்பு கிடையாது. இ.பி.எஸ்.பி. நாரின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது, அந்த உயர்வு தசைச் சவ்வின் கால்சியம் சேனலைத் திறக்கிறது, உள்ளே வந்த கால்சியம் சேமிப்பிலிருந்து மேலும் கால்சியத்தை விடுவிக்கிறது. ஆகவே இ.பி.எஸ்.பி. அப்படியே இருக்க, தசைச் சேனல் மட்டும் தாராளமாகத் திறந்தால் போதும். நீங்கள் பார்த்த விளைவு வந்துவிடும். நரம்பு தூண்டாத நேரத்தில் புரோக்டோலினை மட்டும் ஊற்றிப் பாருங்கள். தசை சும்மா கிடந்தால் அது இந்த விளக்கத்தோடு பொருந்தும்.

காட்மியச் சோதனை இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. நரம்பு முனைச் சேனலையும் தசைச் சேனலையும் அது ஒருசேர அடைக்கிறது. இரண்டும் ஒரே வகைச் சேனல்கள் அல்ல என்பதுதான் நமக்குள்ள வசதி. கிரேஃபிஷ் திறப்புத் தசையில் கிளர்வு நரம்பும் தடுப்பு நரம்பும் வெளியீட்டுக்கு நம்பியிருப்பது பி வகைச் சேனலை. சிலந்தி நஞ்சான ஒமேகா அகாடாக்சின் 4ஏ அதை அடைக்கிறது என்று அராக்கேயும் உடனிருந்தவர்களும் 1994இல் வெளியிட்டார்கள். தசைச் சவ்வில் இருப்பது நிஃபெடிபினுக்கு மசியும் எல் வகையை ஒத்தது. விலை காரணமாக அகாடாக்சின் எல்லோருக்கும் எட்டாது, நிஃபெடிபின் எட்டும். 10 மைக்ரோமோலாரில் தொடங்குங்கள்: இ.பி.எஸ்.பி. மாறாமல் இருக்க வேண்டும், இழுவிசை விழ வேண்டும். அதன்மேல் புரோக்டோலின் சேர்த்து, இழுவிசைக் கூடுதல் மங்குகிறதா என்று பாருங்கள். நிஃபெடிபின் வெளிச்சத்தில் சிதையும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் கரைசல், குப்பிக்கு அலுமினியத் தாள், மேசைக்குச் சிவப்பு விளக்கு. தொட்டியில் டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதே 0.1 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் சேர்த்த ஒப்பீட்டுப் பதிவு கட்டாயம்.

இன்னொரு வழியையும் மூடிவிட வேண்டும். ஐடோட்டியா என்ற கடல் ஐசோபாடில் (ஒரு சிறு ஓட்டுயிரி) புரோக்டோலின் தசையின் பொட்டாசியம் சேனல்களை மூடிச் சவ்வின் தடையைக் கூட்டுகிறது. உங்கள் நண்டில் அப்படி நடந்தால், வெளியீடு மாறாமலே இ.பி.எஸ்.பி. சற்று உயரும். நீங்கள் சொன்ன அந்த 10 சதவீதம் அதுவாக இருக்கலாம். ஒரே நாரில் இரண்டு மின்முனை செருகி, ஒன்றில் சிறிய எதிர்மின் துடிப்பு (300 மில்லிநொடி, நாரின் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் இறங்கும் அளவு) கொடுத்து, பெப்டைடுக்கு முன்னும் பின்னும் தடையை அளந்தால் தெரிந்துவிடும்.

காட்மியக் கழிவை எக்காரணத்துக்கும் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். மலையில் வடிகால் எல்லாம் ஓடைக்குத்தான் போகிறது. தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயர் ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

---

குறிஞ்சி_சலைன் (கொடைக்கானல்)

இரண்டாவது கேள்விக்கு நான். காலை, பிற்பகல் வேறுபாடு முழுக்க வெப்பநிலையும் ஈரப்பதமும்தான் என்பது என் கணிப்பு. மலைக் குளிர் இந்தத் தசைக்கு நல்லது. சமவெளியில் குளிர்விக்கும் மேடை இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. ஆனால் நம் கட்டடங்களில் காலை 12 டிகிரி இருக்கும் அறை பிற்பகலில் 20 டிகிரிக்குப் போய்விடும். குளிரில் சவ்வின் தடை கூடும், வெளியீட்டின் கால அளவு மாறும், தசை தளரும் வேகமும் குறையும். அறைக்குளிரை நம்பாமல் தொட்டியையே 15 டிகிரியில் நிறுத்துங்கள், ஏற்ற இறக்கம் அரை டிகிரிக்குள். சலைன் வரும் குழாயை ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நீர் வழியாகச் சுற்றி எடுத்து, ஓட்டத்தின் வேகத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் கைக்குள் வரும். தெர்மோகப்பிள் முனை தசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், குழாயில் அல்ல.

சலைனின் அளவு, 1 லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 11.98 கிராம் (205 மில்லிமோலார்), பொட்டாசியம் குளோரைடு 0.395 கிராம் (5.3), இரட்டை நீரேற்ற கால்சியம் குளோரைடு 1.985 கிராம் (13.5), ஆறு நீரேற்ற மக்னீசியம் குளோரைடு 0.498 கிராம் (2.45), பி.எச். நிலைநிறுத்தியான ஹெப்பீஸ் 1.19 கிராம் (5), சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு பி.எச். 7.4. வான் ஹாரவெல்ட் 1936இல் கிரேஃபிஷுக்கு வகுத்த கலவையின் வழிவந்தது இது. நன்னீர் நண்டின் இரத்தம் இதைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கலாம். ஆஸ்மோமீட்டர் (கரைசலின் கரைபொருள் அடர்த்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் உங்கள் இனத்தின் இரத்தத்தை அளந்து, சோடியம் குளோரைடை மட்டும் கூட்டிச் சமன் செய்யுங்கள். நார்கள் உப்பிப் பளபளப்பாகத் தெரிந்தால் சலைன் நீர்த்திருக்கிறது என்று பொருள்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தவறும். முதலாவது, நீரற்ற கால்சியம் குளோரைடுக்கான எடையை (13.5 மில்லிமோலாருக்கு 1.5 கிராம்) இரட்டை நீரேற்றப் புட்டியிலிருந்து எடுப்பது. கிடைப்பது 10.2 மில்லிமோலார்தான். மாமா சொன்ன படிக் கணக்கில் அது இ.பி.எஸ்.பி.யைப் பாதியளவுக்கும் கீழே தள்ளிவிடும். இரண்டாவது நம் ஊருக்கே உரியது: கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிபவை. ஜூன் முதல் டிசம்பர் வரை பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் அறையில், திறந்த புட்டியிலிருந்து எடுக்கும் 1.985 கிராமில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் நிறுப்பதை விட்டுவிட்டு, புதிய புட்டி ஒன்றைத் திறந்த அன்றே இரண்டிலும் 1 மோலார் கரைசல் செய்து வையுங்கள். சலைனுக்குக் கால்சியம் 13.5 மில்லி, மக்னீசியம் 2.45 மில்லி.

அந்தக் கரைசலைச் சரிபார்க்க வேதியியல் துறையின் இ.டி.டி.ஏ. (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) தரம்பார்த்தலே போதும். தயாரான சலைனில் 10 மில்லி எடுத்து, பி.எச். 12க்கு ஏற்றி, மியூரெக்ஸைடு நிறங்காட்டியோடு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. விட்டால் 13.5 மில்லியில் நிறம் மாற வேண்டும். அந்தக் காரத்தில் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக ஒதுங்கிவிடும். பி.எச். 10இல் எரியோகுரோம் பிளாக் டி கொண்டு பார்த்தால் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 16 மில்லி. முதல் எண் 13.2க்கும் 13.8க்கும் இடையில் இல்லாத சலைனை நான் தொட்டிக்கு அனுப்ப மாட்டேன்.

பி.எச். வைக்கும்போது வெப்பநிலையைப் பாருங்கள். இன்னொரு நிலைநிறுத்தியான டிரிஸ் கொண்டு 25 டிகிரியில் 7.4 வைத்த கரைசல் 12 டிகிரியில் 7.75ஐத் தாண்டும். ஹெப்பீஸ் அதில் பாதிதான் நகரும், அதனால் அதுவே மேல். பதிவு நடக்கும் வெப்பநிலையில் வைத்தே பி.எச். சரிசெய்வது நல்லது.

பெருக்கியின் தலைப்பகுதியிலும் மின்முனைப் பிடிப்பானிலும் ஈரம் படிந்தால் மின்கசிவு வரும். நாரின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 70க்குப் பதில் மைனஸ் 50 என்று பொய் சொல்லும், அடிக்கோடு மெல்ல நகரும். பிடிப்பான்களைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே கருவியைப் போட்டுச் சூடேற விடுங்கள்.

---

தொட்டபெட்டா_நிழல்

மாமா, குறிஞ்சி அக்கா, இருவருக்கும் நன்றி. இ.டி.டி.ஏ. சோதனையை இந்த வாரமே செய்துவிடலாம். ஒரு சந்தேகம்: நரம்பை ஒதுக்கிவிட்டுத் தசையை மட்டும் சோதிக்க அதிகப் பொட்டாசியம் சலைன் போதுமா? அது போதுமென்றால் இரண்டு மின்முனை வேலையைத் தவிர்க்கலாம்.

---

மின்முனை_மாமா (குன்னூர்)

போதாது. பொட்டாசியம் நரம்பு முனைகளையும் சேர்த்தே கிளப்பும். குளூட்டமேட்டும் காபாவும் (தடுப்பு நரம்பின் கடத்தி) கொட்டும். வெட்டிய நரம்பாக இருந்தாலும் முனைகள் உயிரோடுதான் இருக்கின்றன. 30 மில்லிமோலார் பொட்டாசியத்தில் இழுவிசை கூடினால் அது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தெளிவான வழி இது. 1 மைக்ரோமோலார் டெட்ரோடாக்சின் விட்டால் நரம்பின் சோடியத் துடிப்பு நின்றுவிடும்; தசை நாருக்குச் சோடியத் துடிப்பே இல்லாததால் அதற்குப் பாதிப்பில்லை. பிறகு ஒரு மின்முனை வழியாக நாருக்குள் நேரடியாக மின்னோட்டம் செலுத்தி, மைனஸ் 70இலிருந்து படிப்படியாக உயர்த்துங்கள். நார் சுருங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் குறியுங்கள். புரோக்டோலினுக்குப் பின் அந்தத் தொடக்கப் புள்ளி கீழே இறங்கினால், தசைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். இதோடு 20 மில்லிமோலார் டி.இ.ஏ. சேர்த்தால் பொட்டாசிய வெளியோட்டம் அடங்கி, தசையின் கால்சியத் துடிப்பு முழுதாக எழும். நண்டுத் தசையில் ஃபாட்டும் காட்ஸும் 1953இல் பார்த்த துடிப்பு அது. கால்சியம் சுமக்கும் துடிப்புதான் என்பதை 1958இல் ஃபாட்டும் கின்ஸ்போர்கும் நிலைநாட்டினர். அந்தத் துடிப்பின் ஏறு வேகம் பெப்டைடால் கூடுகிறதா என்பது சேனலைப் பற்றிய நேரடிக் கேள்வி. டெட்ரோடாக்சினுக்குக் கையுறை, தனிப் பதிவேடு, பூட்டிய பெட்டி மூன்றும் வேண்டும்.

கடைசியாகக் காஃபீன். 10 மில்லிமோலார் காஃபீன் சவ்வைத் தாண்டிப் போய்ச் சேமிப்பிலிருந்து நேரே கால்சியத்தை விடுவிக்கும். காஃபீன் சுருக்கமும் புரோக்டோலினால் கூடினால், விளைவு சவ்வுச் சேனலில் மட்டும் இல்லை, அதற்கு உள்ளேயும் இருக்கிறது. காஃபீன் சுருக்கம் மாறாமல், தொடக்கப் புள்ளி மட்டும் இறங்கினால் சேனல் கதை வலுப்பெறும்.

வெளியீட்டையும் நேரடியாக அளந்துவிடுங்கள். இ.பி.எஸ்.பி. சராசரி மட்டும் போதாது. நரம்பு முனை மேல் 10 மைக்ரோமீட்டர் வாயுள்ள வெளிப்புற மின்முனையை மெல்ல அழுத்தி, கால்சியத்தை 13.5இலிருந்து குறைத்து, அதே அளவு மக்னீசியத்தைக் கூட்டி (மொத்தம் 15.95 மாறக்கூடாது), தோல்விகளை (தூண்டியும் கடத்தி வெளியாகாத தடவைகளை) எண்ணுங்கள். உதாரணமாக 200 தூண்டலில் 74 தோல்வி என்றால் 200/74இன் இயல் மடக்கை, அதாவது தூண்டலுக்குச் சராசரியாக 1 குவாண்டம் (கடத்தியின் ஒரு சிறு பொதி). பெப்டைடுக்குப் பின் 27 தோல்வி என்றால் 2 குவாண்டம். அப்போது நரம்பு முனையும் பங்கெடுக்கிறது. எண் மாறவில்லையென்றால் நரம்பு முனையை விட்டுவிடலாம். முழு கால்சியத்தில் தோல்வியே குறைவாக இருக்கும், இந்த முறை பயன்படாது.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: வெளியீடு கூடினாலும் "கால்சியம் சேனல்" என்று உடனே எழுதிவிட முடியாது. கிரேஃபிஷ் திறப்புத் தசையில் செரோடோனின் வெளியீட்டை நன்றாகக் கூட்டும். ஆனால் நரம்பு முனைக்குள் கால்சிய அளவை ஒளிரும் சாயத்தால் பார்த்த டெலானி, டேங்க், ஜக்கர் மூவரும் 1991இல் கண்டது, கால்சியம் கூடாமலே வெளியீடு கூடுகிறது என்பதை. அதாவது நுழைவுக்குப் பிந்தைய படியில் மாற்றம். நுழைவை நேரே அளக்காமல் சேனலின் பெயரைத் தலைப்பில் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

---

பெப்டைடு_பெட்டி (கோத்தகிரி)

டி.எஃப்.2 பற்றி. முதலில் கூரியரில் வந்த தாளை எடுத்து அமினோ அமில வரிசையின் முடிவைப் பாருங்கள். அஸ்பார்ட்டிக், ஆர்ஜினின், அஸ்பராஜின், ஃபினைல்அலனின், லியூசின், ஆர்ஜினின், ஃபினைல்அலனின், கடைசியில் அமைடு. இது சேர்ந்த எஃப்.எம்.ஆர்.எஃப். அமைடு குடும்பத்துக்கு அந்த அமைடுதான் உயிர். படிவத்தில் குறிப்பிடாவிட்டால் அமில முடிவோடு செய்து அனுப்பிவிடுவார்கள். நிறை வெறும் 1 டால்டன்தான் வேறுபடும் (அமைடு 966, அமிலம் 967), யாரும் கவனிக்க மாட்டார்கள், தசையும் அசையாது. புரோக்டோலின் நேர்மாறு: ஆர்ஜினின், டைரோசின், லியூசின், புரோலின், திரியோனின், முடிவில் வெறும் அமிலம், நிறை 649. ஸ்டாரட்டும் பிரவுனும் 1975இல் கரப்பானிலிருந்து பிரித்த வடிவமே அது. ஒரே ஆர்டரில் இரண்டையும் "அமைடு" என்று போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஒட்டல். டி.எஃப்.2இல் இரண்டு ஆர்ஜினின். நேர்மின் சுமையோடு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நானோமோலார் அளவில் கண்ணாடிக் குடுவையில் நீர்த்து, நீண்ட குழாய் வழியே ஓடவிட்டால் தசைக்குச் சேர்வது எவ்வளவு என்றே சொல்ல முடியாது. பாலிபுரோப்பிலீன் குப்பி, குட்டையான குழாய். நீர்த்ததை உடனே பயன்படுத்துங்கள், வேண்டுமானால் 0.01 சதவீதம் போவைன் ஆல்புமின் சேர்க்கலாம், ஒப்பீட்டுச் சலைனிலும் அதே அளவு. 1 மில்லிமோலார் கரைசலை 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள், எடுத்த குப்பியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் நீண்ட நேரம் போகும். உறைபெட்டி உருகி மீண்டும் உறைந்தால் கரைசல் வீண். உலர்ந்த தூளாக உலர்த்தியோடு வைத்திருப்பதே பாதுகாப்பு. தூளின் எடையில் உப்பும் ஈரமும் இருக்கும், தாளில் உள்ள நிகரப் பெப்டைடு சதவீதத்தால் பெருக்கி அளவு போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் விளைவு இல்லையென்றால், அது உண்மையான விடையாகவே இருக்கலாம். டி.எஃப்.2 கிரேஃபிஷின் பெப்டைடு; அங்கே வயிற்றின் ஆழ நீட்டுத் தசைகளில் நரம்பு முனையிலிருந்து வெளியீட்டைக் கூட்டுகிறது, அந்தக் கூடுதல் நீடிக்கப் புரோட்டீன் கைனேஸ் சி (செல்லுக்குள் உள்ள ஒரு நொதி) தேவைப்படுகிறது. உங்கள் நண்டின் காலில் அதே ஏற்பி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 13.5 மில்லிமோலார் கால்சியத்தில் வெளியீடு ஏற்கனவே உச்சத்துக்கு அருகில் இருந்தாலும் கூடுதல் தெரியாது, கால்சியம் 6.5, மக்னீசியம் 9.45 என்று வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டுங்கள். அதே தயாரிப்பில் 1 மைக்ரோமோலார் செரோடோனினும் கொடுங்கள். அதற்கு இ.பி.எஸ்.பி. உயர்ந்து டி.எஃப்.2க்கு உயரவில்லையென்றால் நரம்பு முனை நலமாக இருக்கிறது, பெப்டைடுதான் அங்கே பேசவில்லை. கழுவலுக்கு 30 நிமிடம் கொடுங்கள். அவசரப்பட்டால் முதல் பெப்டைடின் மிச்சம் இரண்டாவதின் கணக்கில் ஏறும்.

---

குறிஞ்சி_சலைன் (கொடைக்கானல்)

அடுத்து யாராவது "அப்படியென்றால் கிரேஃபிஷையே வாங்கிவிடலாமே" என்று சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் இயற்கையான கிரேஃபிஷ் இனமே இல்லை. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷ் உலகெங்கும் ஆறுகளைக் கெடுத்த உயிரினம். பளிங்குக் கிரேஃபிஷ் இன்னும் மோசம், ஆண் இல்லாமலே பெருகும், ஒன்று தப்பினால் போதும். பைக்காராவில் விழுந்தது மாயாற்றுக்கும் அங்கிருந்து பவானிசாகருக்கும் போய்ச் சேரும். நம் ஓடை நண்டுகளில் பல இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றுக்கு நோயும் போட்டியும் கொண்டுவரும் வேலையை நாம் செய்யக்கூடாது.

நண்டையும் காப்புக்காட்டு ஓடையில் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். சமவெளி வயல் நண்டு சந்தையில் கிடைக்கிறது, ஆய்வுக்கு அது போதும். யு.ஜி.சி. வழிகாட்டுதல்படி இது வகுப்புச் செய்முறை அல்ல, ஆய்வு மட்டும் என்பதையும் குறித்து வையுங்கள். விலங்கைக் கொல்லவும் வேண்டாம்: 20 நிமிடம் ஐஸில் வைத்து மரத்துப்போன பின், காலின் நடுக்கணுவை இறுகப் பிடித்து அழுத்தினால் அடியில் உள்ள முறிவுத் தளத்தில் நண்டே காலை விட்டுவிடும், இரத்தமும் அதிகம் போகாது, அடுத்த தோலுரிப்புகளில் கால் வளரும். கழன்ற காலை உடனே குளிர்ந்த சலைனில் போடுங்கள். நுனிக்கு முந்தைய கணுவின் ஓட்டில் சாளரம் வெட்டி, பெரிய மூடு தசையை அதன் தசைநாணோடு சேர்த்து வெளியே எடுத்தால் அடியில் விசிறிபோல் திறப்புத் தசை தெரியும். மூடு தசையை இழுக்கும்போது நடுவே ஓடும் முதன்மை நரம்பு அதனோடு வந்துவிடுவதுதான் அதிகம் நடப்பது. இழுக்காமல், நுண் கத்தரியால் அடி ஒட்டைத் துண்டு துண்டாக வெட்டி விடுவியுங்கள். மேல் கணுவில் நரம்பு இரண்டு கட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியே தூண்டுங்கள். நுனிக்கணு விரிந்தால் அதில் கிளர்வு நரம்பு இருக்கிறது. விரிந்த நிலையைத் தளர்த்தினால் அது காபா தடுப்பு நரம்புள்ள கட்டு. பெப்டைடு சோதனைக்கு முன்பே இரண்டையும் அடையாளம் கண்டுவிடுங்கள். தடுப்பு நரம்பும் சேர்ந்து தூண்டப்பட்டால் டூடெலும் குஃப்ளரும் 1961இல் காட்டிய முன்முனைத் தடுப்பு கிளர்வு முனையின் வெளியீட்டையே குறைக்கும். அப்போது நீங்கள் அளக்கும் இ.பி.எஸ்.பி. உயரத்தில் பெப்டைடின் பங்கு எது, காபாவின் பங்கு எது என்று பிரிக்க முடியாது.